டைலிங் விண்டோ மேனேஜர்: எதில் தொடங்குவது, குறுக்குவிசைகளை எப்படிப் பழகுவது?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உபுண்டு 24.04-ஐ க்னோம் சூழலுடன் ஒரு 14 அங்குல மடிக்கணினியில் பயன்படுத்துகிறேன். கிராஃபிக்ஸ் இன்டெல். ஓர் உலாவி, ஒரு நிரல் எடிட்டர், மூன்று நான்கு டெர்மினல்கள், இடையிடையே ஒரு பிடிஎஃப் என்று என் வேலை இவற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆனால் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடுவதால், வேண்டிய டெர்மினலை முன்னால் கொண்டுவர ஆல்ட் + டேப்பைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியிருக்கிறது.

விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பக்கம் பக்கமாக அடுக்கும் டைலிங் விண்டோ மேனேஜருக்கு மாறலாம் என்று எண்ணுகிறேன். ஐ3, ஸ்வே, ஹைப்பர்லேண்ட், டிடபிள்யூஎம் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன, எதில் தொடங்குவது? இத்தனை குறுக்குவிசைகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறீர்கள்? அழகான திரைப்பிடிப்புகளுடன் பலர் தங்கள் அமைப்புக் கோப்புகளைப் பகிர்கிறார்களே, அவற்றில் ஒன்றை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா? நான் தமிழிலும் நிறையத் தட்டச்சு செய்பவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய_டெர்மினல் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: எடுத்துப் போடாதீர்கள். இன்னொருவருடைய அமைப்புக் கோப்பு, அவர் கணினியில் உள்ள எழுத்துருக்களையும், அவர் எழுதிய சிறு ஸ்கிரிப்டுகளையும், அவர் நிறுவியிருக்கும் நிரல்களையும் நம்பி எழுதப்பட்டது. உங்களிடம் அவற்றில் பாதி இருக்காது. எது ஏன் இயங்கவில்லை என்று பார்க்கப் போனால், நீங்கள் எழுதாத ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஐ3யுடன் வரும் இயல்பான கோப்பையே படித்துவிடலாம். அது சிறியது, ஒவ்வொரு பகுதிக்கும் மேலே விளக்கமும் இருக்கிறது.

மைக்கேல் ஸ்டாபெல்பெர்க் 2009-இல் வெளியிடத் தொடங்கிய ஐ3, புதியவர்களுக்கு இன்றும் நல்ல வாசல் என்பது என் கருத்து. டிடபிள்யூஎம்மில் ஒரு குறுக்குவிசையை மாற்றுவதற்கே மூலநிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எக்ஸ்மோனாட் என்ற இன்னொரு மேனேஜரின் அமைப்பு ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் இருக்கும். ஐ3யின் அமைப்போ சாதாரண உரைக்கோப்பு. திருத்திவிட்டு மாட் (ஐ3யின் குறுக்குவிசைகளுக்கெல்லாம் கூடவே அழுத்தும் விசை) + ஷிப்ட் + சி அழுத்தினால் உடனே ஏற்றுக்கொள்ளும். பிழை இருந்தால் திரையின் மேல்விளிம்பில் சிவப்புப் பட்டையில் சொல்லும்.

முதல்முறை ஐ3க்குள் நுழையும்போது, மாட் விசையாக விண்டோஸ் விசை வேண்டுமா, ஆல்ட் வேண்டுமா என்று கேட்கும். விண்டோஸ் விசையையே தேர்ந்தெடுங்கள். ஆல்ட்டைக் கொடுத்துவிட்டால், டெர்மினலில் ஒரு சொல் முன்னே போக உதவும் ஆல்ட் + எஃப், முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை இழுத்து வரும் ஆல்ட் + புள்ளி போன்றவற்றோடு எப்போது எது மோதும் என்று தெரியாது.

குறுக்குவிசைகளைப் பொறுத்தவரை, முதல் வாரத்துக்கு இவை போதும்: டெர்மினல் திறக்க மாட் + என்டர், நிரல்களைப் பெயர் தட்டித் திறக்க மாட் + டி, விண்டோவை மூட மாட் + ஷிப்ட் + கியூ, பக்கத்து விண்டோவுக்குப் போக மாட்டுடன் அம்புக்குறி, முழுத்திரைக்கு மாட் + எஃப். இவற்றுக்கும் முன்னால், வெளியேறுவதற்கான மாட் + ஷிப்ட் + ஈ-யைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியேறினால் வழக்கமான நுழைவுத் திரைக்குத்தான் வருவீர்கள். அங்கே பெயரைச் சொடுக்கியபின் கீழ் மூலையில் தெரியும் பற்சக்கரத்தில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் பழைய க்னோம் இருந்தபடியே இருக்கும். எதையும் அழிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் எரிச்சலுக்கு வருகிறேன். ஆல்ட் + டேப் விண்டோக்களை நீங்கள் கடைசியாகத் தொட்ட வரிசையில் அடுக்குகிறது. அந்த வரிசை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும். டைலிங்கின் பெரிய நன்மை திரையைக் கட்டம் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். எண்ணிட்ட பணியிடங்கள்தான், அதாவது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக்கூடிய தனித்தனித் திரைகள்தான், முதன்மை. உலாவி எப்போதும் 1, எடிட்டர் எப்போதும் 2, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களின் டெர்மினல்கள் 3, அரட்டையும் மின்னஞ்சலும் 9 என்று இடம் ஒதுக்கிவிட்டால், மாட் + 2 என்றால் எடிட்டர்தான். கை போகும், கண் தேடாது. ஒரு விண்டோவை மூன்றாம் பணியிடத்துக்கு அனுப்ப மாட் + ஷிப்ட் + 3. ஒரு பணியிடத்தில் மூன்று விண்டோக்களுக்கு மேல் வைக்காதீர்கள். 14 அங்குலத்தில் இரண்டே நல்லது.

மாலைவெயில் எழுதியது:

இடம் ஒதுக்கும் கருத்து சரிதான். ஆனால் அதற்காக ஏன் சூழலையே மாற்ற வேண்டும்? க்னோமிலேயே பணியிடங்களின் எண்ணிக்கையை நிலையாக்கிவிட்டு, விண்டோஸ் விசை + எண் அவற்றுக்குத் தாவும்படி அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசையுடன் இடது, வலது அம்புகளை அழுத்தினால் திரை இரண்டாகப் பிரியும். உபுண்டு 23.10 முதல் டைலிங் அசிஸ்டன்ட் நீட்சியும் கூடவே வருவதால், காற்பகுதிகளாகவும் பிரிக்கலாம். இன்னொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஇ பிளாஸ்மாவில் 5.27 பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், மெட்டா (விண்டோஸ் விசைக்கு அங்கே வழங்கும் பெயர்) + டி என்ற விசைக்குள் கட்டங்களை வரையும் கருவியே இருக்கிறது. நான் குறிப்பிடுவது ஆங்கில அகரவரிசையின் இருபதாவது எழுத்து.

ஐ3க்குப் போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, அது வெறும் விண்டோ மேனேஜர் என்பது. அறிவிப்புகளைக் காட்டுவது, திரையைப் பூட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது, பென்டிரைவைச் செருகியதும் ஏற்றுவது என்று க்னோம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஆள் போட வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐ3யில் இருந்தபோது அச்சுப்பொறி ஒன்றைச் சேர்க்க முயன்றேன். பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் போல்கிட் ஏஜென்ட் ஓடவில்லை என்பதைக் கண்டுபிடிக்க மாலை முழுவதும் போயிற்று.

பழைய_டெர்மினல் எழுதியது:

மாலைவெயில் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். க்னோமில் நிலையான பணியிடங்களை வைத்துப் பழகிவிட்டு, அதுவே போதும் என்று தோன்றினால் அங்கேயே இருந்துவிடுங்கள், நட்டம் ஒன்றுமில்லை. போதவில்லை என்று தோன்றுகிறவருக்கே ஐ3.

ஆனால் ஆள் போடும் வேலை அவர் அஞ்சுகிற அளவு பெரிதல்ல. ஐ3யின் இயல்பான கோப்பிலேயே வைஃபைக்கான நெட்வொர்க் மேனேஜர் ஆப்லெட்டைத் துவக்கும் வரி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், மடிக்கணினி உறங்கப்போகும்போது திரையைப் பூட்டும் வரி ஆகிய மூன்றும் உள்ளன. நீங்கள் சேர்க்க வேண்டியவை நான்கு: அறிவிப்புகளுக்கு டன்ஸ்ட், வெளிச்சத்துக்கு பிரைட்னஸ்கன்ட்ரோல், பென்டிரைவுகளுக்கு யூடிஸ்கி, கடவுச்சொல் பெட்டிக்கு ஏதேனும் ஒரு போல்கிட் ஏஜென்ட். நான்கையும் உபுண்டுவின் நிறுவல் கட்டளையான ஏப்ட் வழியே நிறுவிவிடலாம். துவக்கும்போதே ஓட வேண்டியவற்றுக்கு அமைப்புக் கோப்பில் எக்ஸெக் என்று தொடங்கும் ஒரு வரி வீதம் போதும், வெளிச்சத்துக்கு மட்டும் விசைகளோடு இணைக்கும் இரண்டு வரிகள். இதை முதல் நாளே செய்துவிட்டால் அச்சுப்பொறிக் கதை நடக்காது.

குறிஞ்சி எழுதியது:

இன்டெல் கிராஃபிக்ஸ் என்று சொல்லியிருப்பதால், ஐ3க்குப் பதில் நேரடியாக ஸ்வேயில் தொடங்குங்கள் என்பேன். திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய அடித்தளமான எக்ஸ்11-இல் மட்டுமே ஐ3 இயங்கும். டெஸ்க்டாப் உலகமோ அதன் இடத்தைப் பிடிக்கும் வேலேண்டுக்கு நகர்ந்துவிட்டது. க்னோம் 49, எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துத்தான் வெளிவந்தது. இன்று புதிதாகப் பழகுகிறவர், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும் ஒன்றில் உழைப்பைப் போட வேண்டாம்.

ஸ்வே, ஐ3யின் வேலேண்ட் வடிவம் என்றே சொல்லலாம். 2019-இல் 1.0 பதிப்பு வந்தது. ஐ3யின் அமைப்புக் கோப்பைப் பெரும்பாலும் அப்படியே புரிந்துகொள்ளும், குறுக்குவிசைகளும் ஏறக்குறைய அவையே. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். எழுத்து விசைகளால் விண்டோவுக்கு விண்டோ தாவ ஐ3 ஜே, கே, எல், அரைப்புள்ளி என்ற நான்கை வைத்திருக்கிறது. ஸ்வே, விம் எடிட்டரைப் போல எச், ஜே, கே, எல் என்று வைத்திருக்கிறது. ஐ3யில் பக்கவாட்டில் பிரிப்பதற்கு இருந்த எச், இதனால் ஸ்வேயில் பி-க்கு (ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து) போய்விட்டது. அமைப்புக் கோப்பு தானாக உருவாகாது. ஈடிசி அடைவில் ஸ்வே என்ற உள்ளடைவிலிருந்து உங்கள் ஹோம் அடைவின் கான்ஃபிக் அடைவுக்கு நீங்களே படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

துணை நிரல்களில் சில மாறும். திரையைப் பூட்டும் ஐ3லாக்குக்குப் பதில் ஸ்வேலாக், டன்ஸ்ட்டே போதும் என்றாலும் பலர் வைப்பது மேக்கோ, திரைப்பிடிப்புக்கு கிரிம், ஸ்லர்ப் என்ற இரட்டையர். வீடியோ கூட்டங்களில் திரையைப் பகிர, எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டலின் டபிள்யூஎல்ஆர் பொதியும் பைப்வயரும் இருக்க வேண்டும். என்விடியாவின் மூடிய டிரைவர் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஸ்வேயை உருவாக்குபவர்கள் அதை ஆதரிப்பதில்லை.

சிற்றோடை எழுதியது:

ஹைப்பர்லேண்டை யாரும் சொல்லவில்லையே. விண்டோக்களை அதுவே மாற்றி மாற்றிப் பிரித்து அடுக்கும், அசைவூட்டம் அழகாக இருக்கும். சிறிய திரைக்கு நிரி என்ற இன்னொரு மேனேஜரும் பொருத்தம். அதில் புதிய விண்டோ திறந்தால், இருக்கும் விண்டோக்கள் சுருங்குவதே இல்லை. எல்லாம் வலப்பக்கம் நீளும் ஒரே பட்டையில் வரிசையாக நிற்கும், நாம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகலாம்.

குறிஞ்சி எழுதியது:

நிரியைப் பற்றிச் சொன்னது சரி. 14 அங்குலத்தில் அந்த அமைப்பு மிக நன்றாக ஒத்துவரும். ஹைப்பர்லேண்டில் எனக்குள்ள தயக்கம் ஒன்றுதான். பதிப்புக்குப் பதிப்பு அமைப்புக் கோப்பின் இலக்கணம் மாறிக்கொண்டிருக்கிறது. புதியவர் ஒருவர் புதுப்பித்தல் ஓட்டிய மறுநாள் காலை, வேலை தொடங்கும் நேரத்தில் பிழைப் பட்டையைப் பார்க்க நேர்ந்தால், இந்த வகை மேனேஜரே வேண்டாம் என்று போய்விடுவார். இரண்டிலும் உபுண்டு 24.04-ஐ விடப் புதிய வழங்கல்களில் இருப்பவர்களுக்குத்தான் வசதி.

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குறிஞ்சி அக்கா சொன்னபடி ஸ்வேயை நிறுவி, பழைய_டெர்மினல் அண்ணா சொன்னபடி எண்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டேன். எண்கள் கைக்கு வந்துவிட்டன. உலாவியிலிருந்து எடிட்டருக்குத் தாவும்போது இப்போது யோசிப்பதே இல்லை.

பிரித்தல்தான் பிடிபடவில்லை. இடப்பக்கம் உலாவி, வலப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு டெர்மினல்கள் வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்தால் மூன்றும் பக்கம் பக்கமாக மெலிந்து நிற்கின்றன. மாட் + வி அழுத்தினால் திரையில் எதுவும் மாறுவதில்லை. சில சமயம் ஒன்றை மூடிவிட்டு மறுபடி திறந்தால் எதிர்பாராத இடத்தில் முளைக்கிறது.

பழைய_டெர்மினல் எழுதியது:

தம்பி, ஐ3யும் ஸ்வேயும் தானாகக் கட்டம் போடுவதில்லை. நீங்கள் சொன்னால்தான் போடும். மாட் + வி என்பது இப்போது உள்ள விண்டோவைப் பிரிக்கும் கட்டளை அல்ல. அடுத்துத் திறக்கப்போகும் விண்டோ இதற்குக் கீழே வர வேண்டும் என்று முன்கூட்டிக் குறித்துவைக்கும் கட்டளை. அதனால்தான் அழுத்தியதும் ஒன்றும் தெரிவதில்லை. கூர்ந்து பார்த்தால், அந்த விண்டோவின் எல்லைக்கோட்டில் ஒரு பக்கம் மட்டும் வேறு நிறத்தில் ஒளிரும். அடுத்தது வரப்போகும் பக்கம் அது.

நீங்கள் கேட்ட அமைப்புக்கு வரிசை இது. காலியான பணியிடத்தில் உலாவியைத் திறங்கள், முழுத்திரையையும் எடுத்துக்கொள்ளும். மாட் + என்டர். டெர்மினல் வலப் பாதியில் வரும், ஃபோகஸும் (தட்டுவது எந்த விண்டோவுக்குப் போகும் என்ற தேர்வு) அதற்கே போகும். இப்போது மாட் + வி. டெர்மினலின் அடிப்பக்கக் கோடு நிறம் மாறும். மறுபடி மாட் + என்டர். இரண்டாவது டெர்மினல் முதலாவதன் கீழே வந்து அமரும், உலாவி அசையாது.

உள்ளே நடப்பது ஒரு கிளைமரம். பணியிடத்துக்குள் உலாவியும் ஒரு பெட்டியும் பக்கம் பக்கமாக. அந்தப் பெட்டிக்குள் இரண்டு டெர்மினல்கள் மேலும் கீழுமாக. ஒரு டெர்மினலை மூடினாலும் பெட்டி அப்படியே இருப்பதால், அடுத்து அங்கிருந்து திறப்பது பழைய திசையிலேயே வரும். எதிர்பாராத இடத்தில் முளைப்பதற்குக் காரணம் இதுதான். டெர்மினலில் நின்றபடி மாட் + ஏ அழுத்தினால் ஃபோகஸ் அந்தப் பெட்டிக்கு ஏறும். அதன்பின் மாட் + ஷிப்ட் + அம்பு அழுத்தினால் இரண்டு டெர்மினல்களும் சேர்ந்தே நகரும். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்குப் பிறகு பிரித்தலில் குழப்பம் வராது.

இவ்வளவு கணக்குப் பார்க்க மனமில்லையென்றால் ஆட்டோடைலிங் என்ற சிறு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஃபோகஸில் உள்ள விண்டோ அகலமாக இருந்தால் பக்கவாட்டிலும், உயரமாக இருந்தால் கீழ்நோக்கியும் அதுவே குறித்துவைக்கும். நான் வைத்துக்கொள்வதில்லை, சிறிய திரையில் மூன்றாவது டெர்மினல் வேண்டியபோது, பெட்டிக்குள் நின்று மாட் + டபிள்யூ அழுத்தி, அவற்றை உலாவித் தாவல்கள் போல அடுக்கிக்கொள்வேன். ஒவ்வொன்றுக்கும் பெட்டியின் முழு உயரமும் கிடைக்கும். பழைய நிலைக்குத் திரும்ப மாட் + ஈ.

மாலைவெயில் எழுதியது:

தாவல் அமைப்பு எனக்குப் புதிது. ஒப்புக்கொள்கிறேன், க்னோமில் இயல்பாக இதற்கு நிகராக ஒன்றும் இல்லை. ஒரு கேள்வி: கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு பெட்டிகள், கால்குலேட்டர், வீடியோ கூட்டத்தின் சின்ன விண்டோ போன்றவையும் கட்டத்துக்குள் வந்து பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளாதா?

குறிஞ்சி எழுதியது:

உரையாடல் பெட்டி என்று நிரலே அறிவித்துக்கொண்டால் அது தானாக மிதக்கும். மற்றவற்றை மாட் + ஷிப்ட் + ஸ்பேஸ் அழுத்தி மிதக்கவிடலாம். எப்போதும் மிதக்க வேண்டியவற்றுக்கு ஃபார்-விண்டோ என்று தொடங்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதற்குத் தேவையான நிரல் அடையாளத்தை ஸ்வேஎம்எஸ்ஜி கட்டளையால் கிளைமரத்தை அச்சிட்டு அறியலாம். ஐ3யில் இந்த வேலையை எக்ஸ்ப்ராப் செய்யும். அதே அடையாளத்தை அசைன் வரியில் கொடுத்தால், உலாவி எங்கிருந்து திறந்தாலும் ஒன்றாம் பணியிடத்துக்கே போய்ச் சேரும்.

நொய்யல் எழுதியது:

கிளைமரம் புரிந்துவிட்டது, நன்றி அண்ணா. இன்னொரு சிக்கல். ஸ்வேயின் இன்புட் பகுதியில் ஆங்கிலத்தையும் இன்ஸ்கிரிப்ட் என்ற தமிழ் விசையமைப்பையும் சேர்த்து, ஆல்ட் + ஷிப்ட்டால் மாறும்படி வைத்திருக்கிறேன். தமிழில் இருக்கும்போது மாட் + என்டர் இயங்குகிறது, மாட் + 2 இயங்குகிறது, அம்புகளும் சரி. ஆனால் மாட் + டி இயங்கவில்லை, மாட் + எஃப் இல்லை, மாட் + ஷிப்ட் + கியூ இல்லை. விண்டோவை மூட ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

குறிஞ்சி எழுதியது:

தமிழில் எழுதுகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. குறுக்குவிசை வரிகள் பைண்ட்சிம் என்று தொடங்குகின்றன அல்லவா? அது பார்ப்பது விசையை அல்ல, விசை தரும் எழுத்தை. இன்ஸ்கிரிப்ட்டில் டி விசை தருவது புள்ளி. எச், ஜே, கே, எல் தருபவை ப, ர, க, த. இவை எதற்கும் அமைப்புக் கோப்பில் வேலை ஒதுக்கப்படவில்லை என்பதால் ஸ்வே கண்டுகொள்வதில்லை. என்டரும் எண்களும் அம்புகளும் இரு அமைப்பிலும் ஒன்றே என்பதால் அவை மட்டும் தப்பித்தன.

தீர்வு எளிது. பைண்ட்சிம் என்ற சொல்லுக்குப் பின் இரண்டு சிறுகோடுகளுடன் டூ-கோட் என்ற தெரிவைச் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் முதலாவதாக உள்ள விசையமைப்பில் அந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தையே ஸ்வே நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு எந்த மொழியில் இருந்தாலும் இயங்கும். ஆகவே பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஐ3யில் இதே தேவைக்கு பைண்ட்கோட் இருக்கிறது. ஆனால் அங்கே எழுத்துக்குப் பதில் விசையின் எண்ணைத் தேடி எழுத வேண்டும்.

தமிழ்99 என்ற இன்னொரு விசையமைப்புக்கு இந்த வழி போதாது என்பதை அதைப் பயன்படுத்துபவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்99-இல் மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் அது குறியாக மாற வேண்டும்; க விசையை இருமுறை தட்டினால் முதலாவது புள்ளி பெற வேண்டும். விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் அறிந்த விசையமைப்புக்கு, முன்னால் என்ன தட்டினோம் என்பது தெரியாது. அவர்கள் எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு நிரலையும், தமிழ்99-ஐ அதற்குத் தரும் எம்17என் பொதியையும் நிறுவ வேண்டும். அதில் இன்னொரு நன்மை, ஸ்வேயைப் பொறுத்தவரை விசைப்பலகை எப்போதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் மேற்சொன்ன சிக்கலே எழாது. குரோமியம் வகை உலாவிகளில் தமிழ் வரவில்லையென்றால், வேலேண்ட் உள்ளீட்டு முறையை இயக்கும் தெரிவைத் துவக்கக் கட்டளையில் சேர்த்துப் பாருங்கள்.

நொய்யல் எழுதியது:

டூ-கோட் சேர்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது, அக்கா. அலுவலகக் கணினியில் தமிழ்99 என்பதால் அங்கே எஃப்சிஐடிஎக்ஸ்5 போட்டேன். தமிழ் வருகிறது, ஆனால் மொழி மாற்றுவதற்கு அது எடுத்துக்கொண்ட கன்ட்ரோல் + ஸ்பேஸ், விஎஸ் கோடில் பரிந்துரைப் பட்டியலை அழைக்கும் விசையும் ஆகிவிட்டதால் எடிட்டரில் பரிந்துரை வருவதில்லை.

குறிஞ்சி எழுதியது:

எஃப்சிஐடிஎக்ஸின் அமைப்புக் கருவியில் பொதுத் தெரிவுகளுக்குள் போய், மொழி மாற்றும் விசையாக உள்ள கன்ட்ரோல் + ஸ்பேஸை நீக்கிவிடுங்கள். அந்த வேலையை ஸ்வேயிடமே கொடுக்கலாம். எஃப்சிஐடிஎக்ஸ்5-ரிமோட் என்ற கட்டளையை ஒரு சிறுகோட்டுடன் சிறிய டீ என்ற எழுத்தை (ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்து, மாட் + டி-யில் வரும் நான்காவது எழுத்து அல்ல) கொடுத்து ஓட்டினால் மொழி மாறும். அதை எக்ஸெக் வழியே மாட் + டீ விசையில் கட்டிவிடுங்கள். இயல்பான கோப்பில் அந்த விசை காலியாகவே இருக்கிறது. எந்த நிரலும் மாட் விசையைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது அரிது என்பதால், இனி வேறெதனோடும் மோதாது.